200 மெகாபிக்சலுக்கு 12,500 ரூபாய் கொடுக்கலாமா?

கேள்வி: ஈரோட்டில் பம்புசெட் நிறுவனம் ஒன்றின் விற்பனைப் பிரதிநிதியாக இருக்கிறேன். மாதச் சம்பளம் 29,000 ரூபாய், பைக் கடன் தவணை 3,400. நான்கு வருடப் பழைய போனில் மதியத்துக்குள் சார்ஜ் இறங்கிவிடுகிறது. 18,500 ரூபாயில் ஒரு போன் பார்த்தேன்: 6,000 எம்ஏஎச் பேட்டரி, 44 வாட் சார்ஜர், 8 ஜிபி ராம், ஐபி64. கடைக்காரர் 31,000 ரூபாய் மாடலைக் காட்டுகிறார்: 200 மெகாபிக்சல் கேமரா, 12 ஜிபி ராமுடன் மெய்நிகர் ராம் 12 ஜிபி, ஐபி68, 5,000 எம்ஏஎச், 120 வாட். கிரெடிட் கார்டில் 12 மாதம் வட்டியில்லாத் தவணையாம். எதை வாங்கலாம்?

பதில்: வித்தியாசம் 12,500 ரூபாய். மாதம் 26 வேலைநாள் என்று கணக்கிட்டால், உங்கள் 11 நாள் அலைச்சல். கடைக்காரர் அடுக்கிய வசதிகளுக்குத் தனித்தனியாக பில் போட்டு நீட்டியிருந்தால் எதற்கெல்லாம் பணம் கொடுத்திருப்பீர்கள்?

கேமராவில் தொடங்குவோம், பேரம் அங்கேதான் நடக்கிறது. 200 மெகாபிக்சல் கேமரா வழக்கமாக 16 பிக்சல்களை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படத்தைத்தான் தருகிறது. அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இன்னும் சுருங்கும். மங்கிய வெளிச்சத்தில் படம் தெளிவாக விழுவது சென்சாரின் அளவையும் லென்ஸையும் பொறுத்தது. பெட்டியில் கொட்டை எழுத்தில் அச்சிடுவதோ மெகாபிக்சலைத்தான். கடையிலேயே இரண்டு போனிலும் வெளிச்சம் குறைந்த மூலையில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.

மெய்நிகர் ராமுக்கு நான் ஒரு ரூபாய்கூடத் தரமாட்டேன். போனின் சேமிப்பிடத்தில் கொஞ்சத்தைக் கடன் வாங்கி ராம் என்று பெயர் சூட்டுகிறார்கள். உண்மையான ராமின் வேகம் அதற்கு வராது.

மழையில் பைக் ஓட்டுபவருக்குத் தண்ணீர்த் தடுப்பு வேண்டியதுதான். ஆனால் ஐபி64-இல் உள்ள 4 என்பதே எல்லாப் பக்கமிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும் என்று பொருள். 8 என்பது நீரில் மூழ்கினாலும் தாங்குவதற்கு. பவானி ஆற்றில் போனோடு குளிக்கும் எண்ணம் உங்களுக்கு இருக்காது என்று நம்புகிறேன். ஐபி68 போனாக இருந்தாலும் உள்ளே நீர் புகுந்தால் பெரும்பாலும் வாரன்டி கிடைக்காது.

120 வாட் வசதியானதுதான், மறுக்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பேட்டரி நிறைந்துவிடும். ஆனால் உங்கள் குறையே பகலில் சார்ஜ் தீர்வது. பெரிய பேட்டரி இருப்பது விலை குறைந்த போனில்!

கடைக்காரர் சொல்லாத ஒன்றைக் கேளுங்கள்: பாதுகாப்பு அப்டேட் எத்தனை ஆண்டு வரும்? போனில் யுபிஐயும் வங்கிச் செயலியும் வைத்திருக்கும் உங்களுக்கு அதுதான் ஆயுள். 18,500 ரூபாய் போனுக்கு 3 ஆண்டு என்றால் வருடத்துக்கு சுமார் 6,170 ரூபாய். 31,000 ரூபாய் போனுக்கு 4 ஆண்டு என்றால் 7,750. அதற்கே 6 ஆண்டு தருகிறார்கள், நீங்களும் அவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள் என்றால் 5,170 ஆகிவிடும். அப்போது என் பதிலும் மாறும்.

வட்டியில்லாத் தவணை என்ற பெயரை நம்ப வேண்டாம். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது. வட்டித் தொகையை விலையில் தள்ளுபடியாகக் கழித்துவிட்டு, வங்கி அதை உங்களிடம் வசூலிக்கிறது. 15 சதவீத வட்டி என்றால் அது ஏறக்குறைய 2,380 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சுமார் 430 ரூபாய் உங்கள் தலையில். செயலாக்கக் கட்டணம் தனி. மாதம் 2,583 ரூபாய்த் தவணை பைக் கடனோடு சேர்ந்தால் 5,983, சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு.

அப்டேட் 3 ஆண்டாவது வருமென்றால் 18,500 ரூபாய் போனை ரொக்கமாக வாங்குங்கள், முழுப் பணம் தருவதற்கு என்ன தள்ளுபடி என்றும் கேளுங்கள். பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதானால் வங்கிச் செயலிகளிலிருந்து வெளியேறி, போனில் உள்ள எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கொடுங்கள்.