அரசியல்வாதி மீது வழக்கு வந்தாலே அது பழிவாங்கலா?

வழக்குப் போட்டவரின் நோக்கத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. ஜெயலலிதா சொத்துக் குவிப்பு வழக்கைப் பாருங்கள். 1996இல் திமுக ஆட்சிக்கு வந்த பிறகுதான் வேகம் பிடித்தது. பழிவாங்கல் என்றது அதிமுக.

சரி, 2001இல் அவரே முதல்வரானதும்? ஏற்கெனவே சாட்சி சொன்ன 76 பேர் மறுபடி அழைக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லி பிறழ் சாட்சிகளானார்கள். அரசு வழக்கறிஞர் தடுக்கவில்லை! என்னைப் பொறுத்தவரை இதுதான் பெரிய ஆபத்து: வழக்கு நடத்துபவரே குற்றம்சாட்டப்பட்டவரின் அரசுக்குக் கீழே இருப்பது.

அதனால்தான் 2003இல் உச்ச நீதிமன்றம் வழக்கைக் கர்நாடகத்துக்கு மாற்றியது. மனு போட்ட க. அன்பழகன் அப்போதைய திமுக பொதுச்செயலாளர், நேரடி அரசியல் எதிரி. ஆனாலும் அவர் சொன்ன குறை உண்மை. 2014இல் விசாரணை நீதிமன்றத்தில் தண்டனை, 2015இல் உயர் நீதிமன்றத்தில் விடுதலை. 2017இல் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்ததால் சசிகலா உள்ளிட்ட மூவரின் தண்டனை உறுதியானது. ஜெயலலிதா அதற்குள் இறந்துவிட்டார்.