பம்ப்பை வாங்கும் முன் கேஜை வாங்குங்கள்

கேள்வி: என் பெட்ரோல் கார் 1,10,000 கி.மீ. ஓடியிருக்கிறது. எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு, ஐட்லில் நிற்கும்போது ஆயில் விளக்கு மினுக்கி மினுக்கி எரிகிறது. ஆக்சிலரேட்டரைத் தொட்டால் அணைந்துவிடுகிறது. ஆயில் பம்ப் போய்விட்டது, அதோடு டைமிங் பெல்ட்டையும் மாற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக். அவர் கேட்கும் கூலி எனக்குக் கட்டுப்படியாகாது. ப்ரேக் பேட், ரேடியேட்டர் ஹோஸ் எல்லாம் நானே மாற்றியிருக்கிறேன். இதையும் வீட்டில் செய்யலாமா?

பதில்: செய்யலாம். ஆனால் பம்ப்தான் போயிற்று என்று உங்கள் மெக்கானிக் எதை வைத்துச் சொன்னார்? ஆயில் பிரஷரை அளக்கும் கேஜ் மாட்டிப் பார்த்தாரா? பார்த்திருக்க மாட்டார். விளக்கு எரிந்தால் பம்ப், புகை வந்தால் பிஸ்டன் ரிங் என்று நின்ற இடத்திலேயே தீர்ப்பு சொல்வது இந்தத் தொழிலில் தீராத வியாதி.

பம்ப் பிரஷரை உண்டாக்குவதில்லை. ஆயிலைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். தோட்டத்து ஹோஸின் வாயை விரலால் அழுத்தினால்தான் தண்ணீர் பீய்ச்சும், விரலை எடுத்தால் சொளசொளவென்று வழியும். எஞ்சினுக்குள் அந்த விரலின் வேலையைச் செய்வது, சுழலும் தண்டுகளைத் தாங்கும் பேரிங்குகளின் நெருக்கமான இடைவெளி. பேரிங் தேய்ந்து இடைவெளி அகன்றுவிட்டால், புத்தம்புதுப் பம்ப் போட்டாலும் சூட்டில் ஆயில் இளகியதும் விளக்கு மறுபடி மினுக்கும். உங்கள் பணமும் இரண்டு நாள் உழைப்பும் வீண்.

ஆகவே முதலில் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். கடைசியாக ஊற்றியது கையேட்டில் சொன்ன கிரேடுதானா என்று பில்லை எடுத்துப் பாருங்கள். அப்புறம் ஆயில் பிரஷர் சுவிட்சைக் கழற்றி, அந்த ஓட்டையில் சாதாரண முள் கேஜ் ஒன்றை மாட்டி, எஞ்சின் சூடான பிறகு அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கார்களில் பிரஷர் சுமார் 0.3 முதல் 0.5 பாருக்குக் (பார் என்பது பிரஷரின் அலகு) கீழே இறங்கினால்தான் அந்த விளக்கு எரியும். கேஜ் ஐட்லில் 1 பாருக்கு மேல் காட்டி, கையேட்டு அளவுக்குள்ளும் இருந்தால் கெட்டது சுவிட்ச் அல்லது அதன் ஒயர். சுவிட்சை மாற்ற அரை மணி நேரம் போதும். கேஜும் உண்மையிலேயே குறைவாகக் காட்டினால் அடுத்து எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்பைக் கழற்றி, பம்ப் ஆயிலை உறிஞ்சும் குழாயின் வாயில் உள்ள வலையான ஸ்ட்ரெய்னரைப் பாருங்கள். பம்ப்புக்கு அதற்குப் பிறகுதான் முறை.

இங்கே ஒரு விதிவிலக்கைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட்டையும் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டையும் இணைப்பது டைமிங் பெல்ட். சில எஞ்சின்களில் அது ஆயிலுக்குள்ளேயே நனைந்தபடி ஓடும். ஃபோர்டின் 1.0 லிட்டர் ஈகோபூஸ்ட், பியூஜோ, சிட்ரோயன் கார்களின் 1.2 லிட்டர் பியூர்டெக் ஆகிய எஞ்சின்களின் ஆரம்பப் பதிப்புகள் இந்த வகை. தவறான ஆயில் ஊற்றினாலோ, மாற்றாமல் நாள் கடத்தினாலோ பெல்ட் ஊறி உப்பி, விளிம்பு பிய்ந்து, துணுக்குகள் சம்புக்கு இறங்கி ஸ்ட்ரெய்னர் வலையை அடைத்துக்கொள்ளும். பம்ப் உறிஞ்சப் பார்க்கும், ஆயில் வராது, விளக்கு எரியும். ஆக பெல்ட்டின் நோய் பம்ப்பின் நோய்போல வேஷம் போடுகிறது. பியூர்டெக்கில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து டார்ச் அடித்தாலே பெல்ட்டின் முதுகு தெரியும். வெடிப்பும் உப்பலும் கண்ணுக்கே படும். உங்கள் கார் இந்த வகையா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஆம் என்றால் பெல்ட், ஸ்ட்ரெய்னர், ஆயில் வழிகள் எல்லாவற்றையும் சேர்த்துச் சுத்தம் செய்யாமல் பம்ப்பை மட்டும் மாற்றுவதில் அர்த்தமில்லை. வீட்டில் செய்ய இது உகந்த வேலையும் அல்ல. பெல்ட்டை ஆயிலில் ஓடவிட்டவர்கள் அதைச் சோதிக்கும் முறையை வாங்குபவருக்குப் புரியும்படி கையேட்டின் முதல் பக்கத்தில் அச்சடித்திருக்க வேண்டாமா? ஏர் கண்டிஷனர் பொத்தானுக்கு நான்கு பக்கம் ஒதுக்குகிறார்கள்.

சரி, உங்களுடையது வழக்கமான உலர்ந்த பெல்ட், பம்ப்பும் உண்மையிலேயே தேய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பல எஞ்சின்களில் பம்ப் கிராங்க் ஷாஃப்ட்டின் மூக்கிலேயே, பெல்ட் பல்சக்கரத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும். அதனால்தான் இரண்டு வேலையையும் ஒன்றாகச் செய்கிறோம். இதில் உங்கள் மெக்கானிக் சொன்னது சரி.

வீட்டில் செய்கிறவர்கள் தடுக்கி விழும் முதல் இடம், எஞ்சினைத் தாங்குவது. பெல்ட்டை எடுக்க, எஞ்சினைப் பிடித்திருக்கும் ஒரு பக்க மவுண்ட்டைக் கழற்ற வேண்டிவரும். சம்புக்கு அடியில் பலகை வைத்து ஜாக்கி கொடுப்பதுதான் வழக்கம். ஆனால் பம்ப்பை எடுக்க சம்பையே கழற்ற வேண்டுமே! அப்போது எஞ்சின் எதன் மேல் நிற்கும்? மேலிருந்து தாங்கும் குறுக்குக் கம்பியை வாடகைக்காவது எடுத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். காரை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் புகாதீர்கள், ஸ்டாண்டு போடுங்கள்.

கிராங்க் போல்ட் பிசாசுபோல இறுகியிருக்கும். கிராங்க்கும் கேமும் சரியான நிலையில் நிற்க உதவும் டைமிங் பின்களைச் சொருகி அவற்றின் பலத்தில் போல்ட்டைத் திருகாதீர்கள். அவை இடத்தைக் காட்டத்தான், பாரம் தாங்க அல்ல. புல்லியைப் பிடிக்கும் கருவியை வாங்குங்கள்.

கிராங்க், கேம் சக்கரங்களில் உள்ள குறிகளைப் பொருத்திப் புது பெல்ட்டைப் போட்ட பிறகு ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள். எஞ்சின் சுழலும் திசையிலேயே, ஸ்பேனரால் கிராங்க்கை இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றுங்கள். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று சுற்றும். குறிகள் மறுபடி நேராக வந்து நிற்க வேண்டும். நடுவில் கெட்டியாகத் தடுத்தால் அழுத்தாதீர்கள், வால்வு பிஸ்டனைத் தொடுகிறது. கையால் தொட்டால் தப்பிக்கலாம், ஸ்டார்ட்டர் மோட்டார் தொட்டால் வால்வு வளைந்துவிடும்.

'முழு கிட்' என்று சொல்லி விற்பார்கள். பிரித்தால் பெல்ட்டும் அதை இறுக்கிப் பிடிக்கும் ஒரு டென்ஷனரும் மட்டும் இருக்கும். பெல்ட்டுக்கு வழிகாட்டும் ஐட்லர் புல்லி, ஆயில் சீல்கள், கையேடு புதிதாகப் போடச் சொல்லும் போல்ட்டுகள், பெல்ட் ஓட்டும் வாட்டர் பம்ப் ஆகியவையும் வேண்டும். பெட்டியில் பிரபலப் பெயர் இருப்பதால் உள்ளே அந்த பெல்ட்தான் இருக்கிறது என்று நம்பாதீர்கள். போலிகள் ஏராளம். அட்டைப்பெட்டியை அச்சடிக்க எத்தனை நாழிகை? தயாரிப்பாளரின் பட்டியலில் உள்ள விற்பனையாளரிடமே வாங்குங்கள். கமிஷன் வாங்கிக்கொண்டு 'என் ஆள் தருவான்' என்று வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். வாங்கிய பெல்ட்டை மடித்துப் பையில் திணிக்காதீர்கள், உள்ளிருக்கும் கண்ணாடி இழைகள் முறிந்துவிடும்.

ஒரு முறை பம்ப் மாற்றி ஒரு வாரம்கூட ஆகாத கார் ஒன்று அதே விளக்கோடு என்னிடம் வந்தது. சம்பைக் கழற்றினேன். ஸ்ட்ரெய்னர் வலை முழுக்கச் சாம்பல் நிறச் சிலிக்கான், சேமியா துண்டுகள்போல. போட்டவர் தாராள மனசுக்காரர். சம்ப் விளிம்பில் அப்பிய பசை உள்பக்கம் பிதுங்கி, இறுகி, பிய்ந்து ஆயிலில் மிதந்திருக்கிறது. உறிஞ்சு குழாயின் ஓ-ரிங்கும் ஒரு பக்கம் நசுங்கிக் கிடந்தது. அந்த இடுக்கு வழியாகக் காற்று புகுந்தால் பம்ப் ஆயிலுக்குப் பதில் காற்றைக் குடிக்கும். ஆகவே சிலிக்கான் மெல்லிய ஒரே கோடு, போல்ட் ஓட்டைகளுக்கு உள்பக்கமாக, கையேடு சொல்லும் தடிப்பில். ஓ-ரிங் புதியது, ஆயில் தடவி, நேராக உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்து. போல்ட்டுகளை இறுக்கும் அளவுகளை மூடிமறைத்துப் பணம் கட்டினால்தான் காட்டுவோம் என்கிற கம்பெனிகளை என்ன சொல்வது! ஆனாலும் அந்தப் பணத்தைக் கட்டிவிடுங்கள், குத்துமதிப்பாக இறுக்காதீர்கள்.

புதுப் பம்ப்பை மாட்டும் முன் அதன் உள்பகுதியில் எஞ்சின் ஆயில் ஊற்றிக் கையால் சுழற்றுங்கள். உலர்ந்த பம்ப் உறிஞ்சத் திணறும். எல்லாம் பூட்டி, புது ஃபில்டர், புது ஆயில் போட்டு, எரிபொருள் பம்ப் ஃபியூஸைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரைப் பத்துப் பத்து விநாடியாக, இடைவெளி விட்டுச் சுற்றுங்கள். கேஜ் இன்னும் மாட்டியே இருக்கட்டும். முள் எழும்பிய பிறகுதான் ஃபியூஸைத் திரும்பப் போட வேண்டும்.