சேஃப்டி ரேசரில் ‘சேஃப்டி’ எங்கே இருக்கிறது?

பழைய சவரக் கத்தியில் கூர்விளிம்பு முழுவதும் வெளியே இருக்கும். எந்தக் கோணத்தில் பிடிப்பது என்பது கைப்பழக்கம். அந்தப் பொறுப்பைக் கருவியிடமே கொடுத்ததுதான் சேஃப்டி ரேசர். மெல்லிய பிளேடை இரண்டு தகடுகளுக்கு நடுவே வைத்துத் திருகினால் அது லேசாக வளைந்து விறைத்துக்கொள்ளும், மழிக்கும்போது அதிராது. மேல்தகடும் கீழே உள்ள தடுப்பும் தோலில் பட்டு, விளிம்பைத் துளியளவே வெளியே விடுகின்றன. கேரட் தோல் சீவும் பீலர் மாதிரி: இடைவெளி எவ்வளவோ அவ்வளவுதான் சீவும்.

யோசனை பழசு. 18ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சில் ழான்-ழாக் பெரே என்ற கத்தித் தொழிலாளி சவரக் கத்திக்கு மரக் காப்பு மாட்டினார். 1880இல் நியூயார்க்கின் காம்ஃப் சகோதரர்கள் மண்வெட்டி வடிவ ரேசருக்குக் காப்புரிமை பெற்றனர். ஆனால் அதன் பிளேடு தடிமன். அடிக்கடி தீட்ட வேண்டும்.

சரி, தீட்டாமல் தூக்கிப் போட்டால் என்ன? கிங் கேம்ப் ஜில்லெட் என்ற அமெரிக்க விற்பனையாளர் யோசித்தது அதைத்தான். மெல்லிய எஃகைக் கோணாமல் கடினப்படுத்துவது பெரும்பாடு. அதைச் சாதித்தவர் வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர். என்னைக் கேட்டால் பாதிப் புகழ் அவருக்குச் சேர வேண்டும். 1903இல் விற்றது 51 ரேசரும் 168 பிளேடும்தான். முதல் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர்களுக்குக் கொடுத்த பிறகு பழக்கம் வேரூன்றியது.

ரேசரை இலவசமாகக் கொடுத்து பிளேடில் சம்பாதித்தார் ஜில்லெட் என்பார்கள். உண்மையில் தொடக்கத்தில் ரேசரின் விலை 5 டாலர், அன்றைக்குப் பெரிய தொகை; 1921இல் காப்புரிமை முடிந்த சமயத்தில்தான் மலிவு ரேசரை இறக்கினார்கள்.