74 இருந்த இடத்தில் 21 படித்த தம்பி

அம்மா,

மகனை அடுத்து என்ன படிக்க வைக்கலாம் என்று கேட்டு நீங்கள் எழுதிய நாலு பக்கக் கடிதத்தையும் படித்தேன். கப்பல் படிப்புக்கு முன்பணம் கட்டி, பெட்டி படுக்கை வாங்கி, சொந்தபந்தத்துக்கெல்லாம் சொல்லியும் ஆகிவிட்டது. மெடிக்கலில் 'நிறப்பார்வை சரியில்லை' என்று ஒரே வரி எழுதித் தம்பியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவன் மாடியிலிருந்து இறங்க மாட்டேன் என்கிறான். வீட்டுக்காரர் "எல்லாம் உன் வீட்டு வழி" என்கிறார். தெரிந்தவர் ஒருவர், கொஞ்சம் செலவு செய்தால் வேறு இடத்தில் மெடிக்கல் முடித்துத் தருவதாகச் சொல்கிறார்.

அந்தக் கடைசி ஆளுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். கப்பலின் இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை. இருட்டில் எதிரே வரும் கப்பல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை அந்த இரண்டு புள்ளிகளை வைத்துத்தான் சொல்ல முடியும். தம்பிக்கு அவை ஏறக்குறைய ஒரே மாதிரி தெரியும். 1875-இல் ஸ்வீடனில் லாகர்லுண்டா என்ற இடத்தில் இரண்டு ரயில்கள் மோதின. ஊழியருக்கு நிறம் தெரியாததுதான் காரணமாக இருக்குமோ என்று ஹோல்ம்கிரன் என்ற உடலியல் அறிஞர் சந்தேகப்பட்டார். அது உண்மையா என்பதில் இன்றைக்கும் சர்ச்சை உண்டு. ஆனால் ரயில்வேக்களில் நிறச் சோதனை பரவியது அந்தச் சந்தேகத்தால்தான். அப்புறம், மெடிக்கல் ஒரு தடவையோடு போவதில்லை. கப்பல் ஊழியரின் மருத்துவச் சான்று அதிகபட்சம் இரண்டு ஆண்டு செல்லும். திரும்பத் திரும்பப் பரிசோதனை வரும். இன்றைக்குக் காசு கொடுத்து மறைத்தால், முப்பது வயதில் கடன் தலைக்கு மேல் இருக்கும்போது அது வெளியே வரும்.

கண்ணாடி, லென்ஸ் போட்டால் சரியாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வண்ண லென்ஸ் சில நிறங்களைக் கொஞ்சம் பிரித்துக் காட்டும், அவ்வளவுதான். விழித்திரையில் பிறவியிலேயே இல்லாத நிறமியை எந்தக் கண்ணாடியும் கொண்டு வராது. 'இரண்டே மாதத்தில் குணம்' என்ற விளம்பரங்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

அவனுக்குக் காட்டியது இஷிஹாரா புத்தகம். ஜப்பானியக் கண் மருத்துவர் ஷினோபு இஷிஹாரா 1917-இல் வெளியிட்டது. பக்கம் முழுக்க வண்ணப் பொட்டுகள், அவற்றுக்குள் ஓர் எண். முதல் பக்கத்தில் இருக்கும் 12 எல்லாருக்கும் தெரியும். பின்னால் ஒரு பக்கத்தில் நமக்கு 74 என்று தெரிவது, சிவப்பு பச்சை குழம்புகிறவர்களுக்கு 21 என்று தெரியும். தம்பி 21 என்றுதான் சொன்னானாம். அவன் கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் சொன்னான்.

பதினேழு வருஷம் இது எப்படி மறைந்தே இருந்தது என்று நீங்கள் ஆறவே இல்லை. மறைவது ரொம்பச் சுலபம், அம்மா. புல் பச்சை, ரத்தம் சிவப்பு என்று எல்லாக் குழந்தைகளையும் போல அவனும் மனப்பாடம் செய்துகொண்டான். பள்ளிக்கூடத்தில் தூரத்துப் பலகையில் எழுத்தைப் படிக்கச் சொன்னால் படித்துவிடுவான். அந்தச் சோதனை பார்ப்பது கூர்மையை, நிறத்தை அல்ல. பிளஸ் டூ வேதியியல் செய்முறையில் பெர்மாங்கனேட் விட்டு வெளிர் இளஞ்சிவப்பு வரும் இடத்தில் நிறுத்த வேண்டும். அந்த இடத்தில் பக்கத்து மேசைப் பையனின் அளவைப் பார்த்து எழுதியிருப்பான். இதே போன்ற பையன்கள் பலர் என்னிடம் இதை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். 'நாற்றங்காலில் மஞ்சள் அடிச்சிருக்கான்னு பார்த்துட்டு வாடா என்றால், எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு வந்து நிப்பான், அவங்க அப்பா திட்டுவார்' என்று நீங்களே போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். வேலையில் கவனம் இல்லை என்று வாங்கிய அந்தத் திட்டெல்லாம் இந்தக் கணக்கில் சேர்ந்ததுதான்.

பத்தாம் வகுப்பில் டால்டனின் அணுக்கொள்கையை எழுதி மதிப்பெண் வாங்கியிருப்பான். அந்த டால்டனுக்கும் இதே குறைதான். தனக்கும் தன் அண்ணனுக்கும் நிறம் வேறு மாதிரி தெரிகிறது என்று 1794-இல் அவரே கட்டுரை எழுதினார். தன் விழிக்குள் இருக்கும் நீர் நீலமாக இருக்க வேண்டும் என்பது அவருடைய ஊகம். இறந்த பிறகு கண்ணை எடுத்துப் பார்க்கச் சொல்லிவைத்தார். 1844-இல் பார்த்தார்கள். நீர் தெளிவாகவே இருந்தது, ஊகம் தப்பு. ஆனாலும் கண்ணைப் பாதுகாத்து வைத்தார்கள். 1995-இல் அதன் மரபணுவைச் சோதித்தபோது, பச்சைக்கான நிறமி அவருக்கு இல்லை என்று தெரிந்தது. ஒரு விஞ்ஞானியின் கண்ணுக்குள் இருந்தது தெரிய நூற்றைம்பது வருஷம் ஆயிற்று. நீங்கள் பதினேழு வருஷத்துக்கு உங்களைக் குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

'உன் வீட்டு வழி' என்பதில் அறிவியல் உண்டு, பழி கிடையாது. இந்தக் குறை எக்ஸ் குரோமோசோமில் வருவது. ஆண்பிள்ளைக்கு அந்த எக்ஸ் தாயிடமிருந்துதான் வரும். தாய்க்கு நிறம் நன்றாகத் தெரியும், ஆனால் அவர் அதைச் சுமந்திருக்கலாம். அதனால்தான் தாத்தாவிடம் இருந்து, அம்மாவில் மறைந்து, பேரனிடம் தலைகாட்டும். நம் பக்கம் தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் கல்யாணம் செய்யும் வழக்கம் இருப்பதால், அபூர்வமாகப் பெண்பிள்ளைக்கும் வரும். கல்யாணப் பேச்சில் இதையெல்லாம் யாரும் வாய் திறப்பதில்லை.

இனி படிப்பு. மூடிய கதவுகளை ஒளிக்காமல் சொல்கிறேன்: கப்பல், விமானம் ஓட்டுவது, ராணுவத்தில் பெரும்பாலான பணிகள், ரயில்வேயில் ரயில் ஓட்டும் லோகோ பைலட்டும் ஸ்டேஷன் மாஸ்டரும். ஆனால் அதே ரயில்வேயில் சில அலுவலகப் பணிகளுக்கு நிறப்பார்வை கேட்பதில்லை. எலக்ட்ரிக்கல் பாதி திறந்த கதவு. மின்வாரியம் உதவிப் பொறியாளர் வேலைக்குத் தேர்வான ஒருவரை இதே குறையைச் சொல்லி ஒதுக்கியது. அவருக்கு வேலை கொடுக்கச் சொல்லி 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வழக்காடி வென்ற கதவு அது. பதினேழு வயதில் அதை நம்பி இறங்கச் சொல்ல மாட்டேன். டிரைவிங் லைசென்ஸ் கிடைக்காது என்று யாரோ பயமுறுத்தினார்களாமே, லேசான, நடுத்தரக் குறை உள்ளவர்களுக்கு 2020-லேயே வழிவிட்டாயிற்று.

கணக்கில் அவன் மதிப்பெண் நன்றாக இருக்கிறது. கடல் ஆசையும் விட வேண்டாம், கரையில் இருந்து செய்கிற வேலைகள் நிறைய. கப்பல் வடிவமைப்பு, துறைமுகச் சரக்கு நிர்வாகம், நாகப்பட்டினத்திலேயே இருக்கும் மீன்வளப் பொறியியல். பொறியியல் கலந்தாய்வுக்கு நுழைவுத் தேர்வு கிடையாது, கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்ணை 200-க்குக் கணக்கிடுவார்கள். கணினி, கணிதம், வங்கி, சட்டம், ஆசிரியர் வேலை எதிலும் இந்தக் கண் குறுக்கே நிற்காது. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்குப் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். இந்த ஆண்டு எழுதியிருக்கிறானா என்று கேட்டுச் சொல்லுங்கள். கடைமடைக்குத் தண்ணீர் வருவது போலத்தான் நம் ஊருக்கு இந்தத் தேதிகள் வந்து சேர்கின்றன.

கட்டிய பணம்: அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்திருக்கிறது. அதே அறிவிப்பின்படி, சேர்க்கைக்கான கடைசித் தேதிக்குப் பதினைந்து நாளுக்கு முன்பே விலகினால், சிறு பிடித்தம் போக முழுக் கட்டணமும் திரும்ப வர வேண்டும். நாள் தள்ளத் தள்ளக் குறையும். அந்த நிறுவனம் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறதா என்று பாருங்கள். எப்படியானாலும் இன்றைக்கே எழுத்தில் விலகல் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

ஒன்றை நானும் சொல்ல வேண்டும். பல வருஷத்துக்கு முன் என் பேச்சைக் கேட்டு ஒரு பையன் இதே படிப்புக்குப் பணம் கட்டினான். கண்ணைப் பரிசோதித்தாயா என்று நான் கேட்கவில்லை. அவனும் உங்கள் மகனைப் போலத் திரும்பி வந்தான். பணம் வரவில்லை. அன்றிலிருந்து எட்டாம் வகுப்புப் பையன் வந்தால்கூட முதலில் அந்த இஷிஹாரா புத்தகத்தைத்தான் விரிப்பேன். போனில் பார்த்தால் திரை நிறத்தை மாற்றிவிடும். பகல் வெளிச்சத்தில் அச்சுப் புத்தகமே வேண்டும். முடிவாகத் தெரிந்துகொள்ள அரசு மருத்துவமனைக் கண் பிரிவுக்குப் போகலாம்.

சனிக்கிழமை தம்பியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். கடிதத்தின் அடியில், சந்தையில் பழுத்த தக்காளியைப் பொறுக்கத் தெரியாமல் பாட்டியிடம் திட்டு வாங்கும் உங்கள் அப்பாவைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, முடிந்தால் அவரையும் அழைத்து வாருங்கள். அந்த 74 இருக்கும் பக்கத்தை, பேரன் அருகில் இருக்கும்போது அவர் எப்படிப் படிக்கிறார் என்று பார்க்கலாம்.