ஒரே பாணியில் வீசும் பிட்சர்களைச் சேர்த்து பேட்டரின் மேட்ச்-அப் கணக்கைப் பார்ப்பது எப்படி?

கேள்வி இதுதான்: மேஜர் லீக் பேஸ்பாலில் ஒரு பேட்டர் குறிப்பிட்ட ஒரு பிட்சரிடம் 14-க்கு 7 அடித்திருக்கிறார். அதை நம்பலாமா? இல்லையென்றால், அதே மாதிரி வீசும் மற்ற பிட்சர்களையும் சேர்த்துப் பார்த்தால் ஏதாவது தேறுமா?

14-க்கு 7-ஐ நம்ப வேண்டாம். உண்மையில் 0.260 சராசரியில் (1,000-க்கு 260) அடிக்கும் பேட்டர், 14 முறையில் 7 அல்லது அதற்கு மேல் அடிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 21-இல் ஒன்று. 60 பிட்சர்களை ஆளுக்கு 14 முறை சந்தித்தால், வெறும் தற்செயலாகவே இரண்டு மூன்று பேரிடம் இப்படி ஒரு கணக்கு வந்து நிற்கும். டிவியில் காட்டப்படுவது அந்த இரண்டு மூன்றுதான்.

சேர்த்துப் பார்த்தால் தேறும். ஆனால் யாரை யாரோடு சேர்ப்பது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். "ஸ்லைடர் (பக்கவாட்டில் வளையும் பந்து) போடும் வலக்கையர்கள்" என்று பந்தின் பெயரை வைத்துப் பிரித்தால் வேலைக்கு ஆகாது. ஒருவர் ஸ்லைடர் என்பதை இன்னொருவர் கட்டர் (சற்றே விலகும் வேகப்பந்து) என்பார். மேஜர் லீக்கின் புள்ளிவிவரத் தளமான பேஸ்பால் சாவன்டே ஸ்வீப்பரை (பக்கவாட்டில் அகலமாக வளையும் ஸ்லைடர்) தனி வகையாகக் காட்டத் தொடங்கியது 2023-இல்தான். பெயரை விடுங்கள், பேட்டர் கண்ணுக்கு என்ன தெரிகிறதோ அதைப் பிடியுங்கள். பந்து கையை விட்டுப் பிரியும் உயரம், பக்கவாட்டு இடம், பிட்சர் எவ்வளவு முன்னே வந்து விடுகிறார் என்பது, ஃபாஸ்ட்பாலின் வேகம், அதன் மேல்-கீழ், பக்கவாட்டு நகர்வு. இதன் பிறகு மற்ற பந்துகள். இவற்றை ஃபாஸ்ட்பாலிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்று அளந்து எழுதுங்கள். மணிக்கு 94 மைல் ஃபாஸ்ட்பாலோடு வரும் 86 மைல் சேஞ்சப்பும் (ஃபாஸ்ட்பால் போலத் தோன்றி மெதுவாக வரும் பந்து), 90 மைல் ஃபாஸ்ட்பாலோடு வரும் 86 மைல் சேஞ்சப்பும் பேட்டருக்கு ஒரே பந்து அல்ல.

சுழற்சி வேகத்தைச் சேர்க்காதீர்கள். அதன் விளைவு நகர்வில் ஏற்கெனவே வந்துவிடுகிறது. சேர்த்தால் ஒரே விஷயத்தை இரண்டு முறை எண்ணுவதாகும்.

தரவு சாவன்டில் இலவசம். ஒரு சீசனுக்கு 7 லட்சம் பந்துகளுக்கு மேல் வரும். இறக்கியதும் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். நகர்வு அடிக்கணக்கில் இருக்கும். அங்குலமாக்க 12-ஆல் பெருக்குங்கள். பக்கவாட்டு நகர்வு கேட்சரின் பார்வையில் பதிவாவது, எனவே இடக்கையருக்கு அதன் குறி எதிராக இருக்கும். வலக்கையர், இடக்கையர் இருவரையும் ஒரே குவியலில் போட்டால் கணக்கே கெட்டுப்போகும். தனித்தனியாக வைப்பதே நல்லது. இரு கைப்பக்கமும் நின்று அடிக்கும் ஸ்விட்ச் ஹிட்டரையும் இரண்டு பேட்டர்களாகவே எண்ணுங்கள்.

பிட்சரை மொத்தமாக ஓர் ஆளாக எடுக்காமல் சீசன் வாரியாக எடுங்கள். போன ஆண்டு இல்லாத ஸ்வீப்பர் இந்த ஆண்டு வந்திருக்கும். 2021 சீசனை மட்டும் நடுவில் வெட்டுவது நல்லது: அந்த ஜூன் மாதம் பிட்சர்கள் பந்தில் பிசின் தடவுவதற்கு எதிரான சோதனை கடுமையானதும் பலருடைய பந்தின் நகர்வு மாறியது. டென்வரின் கூர்ஸ் ஃபீல்டில் வீசிய பந்துகளையும் விலக்குங்கள், அல்லது திருத்துங்கள். 5,000 அடிக்கு மேலான உயரத்தில் காற்று மெல்லியது, பந்து குறைவாகவே நகரும்.

இனி குழுவாக்கம். எல்லோரும் முதலில் கே-மீன்ஸ் என்ற தானியங்கிக் குழுவாக்க முறையைப் போட்டு எட்டுப் பத்துப் பெட்டிகளாகப் பிரிப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பெட்டியின் ஓரத்தில் இருப்பவர் தன் பெட்டிக்காரர்களைவிடப் பக்கத்துப் பெட்டிக்காரரைப் போலவே இருப்பார். டைலர் ராஜர்ஸைப் பாருங்கள்: தரையை ஒட்டி, 83 மைல் வேகத்தில் வீசுபவர். அவரை எந்தப் பெட்டியில் போட்டாலும் பொய்தான். அதனால் பெட்டியே வேண்டாம்; எடை கொடுங்கள். இன்று எதிரே நிற்கும் பிட்சரிலிருந்து மற்ற ஒவ்வொருவரும் மேலே சொன்ன அளவுகளில் எவ்வளவு தூரம் என்று கணக்கிட்டு, நெருங்கியவருக்கு 1-ஐ ஒட்டிய எடையும் தள்ளியவருக்கு 0-வை ஒட்டிய எடையும் கொடுங்கள். ராஜர்ஸுக்கு எல்லா எடையும் 0-வை ஒட்டியே வரும். "ஒப்பிட ஆளில்லை" என்று கணக்கே சொல்லிவிடும். பெட்டிமுறையில் இந்த எச்சரிக்கை கிடைக்காது.

அடுத்ததுதான் முக்கியம். சேர்த்த குழுவில் பேட்டரின் சராசரியை அப்படியே படிக்காதீர்கள். அந்தக் குழுவே பலவீனமான பிட்சர்களின் கூட்டமாக இருக்கலாம். ஒவ்வொரு சந்திப்புக்கும் முதலில் ஓர் எதிர்பார்ப்பு வையுங்கள். ஒவ்வொரு முடிவையும் அதன் ரன் மதிப்பால் எடைபோடும் வோபா அளவில், பேட்டர் 0.340, பிட்சர் விட்டுக்கொடுப்பது 0.295, லீக் சராசரி 0.315 என்றால், எதிர்பார்ப்பு 0.340 + 0.295 − 0.315 = 0.320. நடந்ததிலிருந்து இதைக் கழித்தால் வரும் மிச்சத்தைத்தான் எடையோடு சராசரி எடுக்க வேண்டும். எதிர்பார்ப்புக்கான எண்களை கை வித்தியாசத்துக்கு (பேட்டரும் பிட்சரும் ஒரே கையரா, எதிர்க் கையரா என்பதற்கு) ஏற்ப எடுங்கள். இல்லாவிட்டால் இடக்கை-வலக்கை விளைவையே புதிதாகக் கண்டுபிடித்துக்கொண்டிருப்பீர்கள்.

பிறகு சுருக்குங்கள்: சந்திப்புகள் எவ்வளவு குறைவோ, அவ்வளவுக்கு மிச்சத்தை 0-வை நோக்கி இழுங்கள். 180 சந்திப்புகளில் மிச்சம் +0.050 என்று வைத்துக்கொள்வோம். சுருக்கும் எண்ணை 600 என்று எடுத்தால் 0.050 × 180 ÷ (180 + 600), அதாவது +0.012. அந்த 14 சந்திப்பில் மிச்சம் +0.300 என்று இருந்தாலும், இதே கணக்கில் மிஞ்சுவது +0.007 மட்டுமே. இரண்டுமே சிறியவை. சமமாக இருக்கும் இரண்டு பேட்டர்களில் இன்று யாரை இறக்குவது என்று முடிவெடுக்க உதவும். நல்ல பேட்டரை உட்கார வைக்க உதவாது.

இன்னும் தெளிவு வேண்டுமென்றால் சந்திப்பின் முடிவை விட்டுப் பந்துக்கு இறங்குங்கள். 180 சந்திப்பு என்றால் ஏறக்குறைய 700 பந்துகள். அதில் கிட்டத்தட்ட பாதியில் மட்டையைச் சுழற்றுவார். சுழற்றித் தவறவிடும் விகிதம் வோபாவைவிட மிகச் சீக்கிரம் நிலைபெறும். உயரமான ஃபாஸ்ட்பாலுக்கு அடியில் மட்டை போகிறதா என்பதை அதில் நேராகவே பார்க்கலாம்.

எடை எவ்வளவு வேகமாகக் குறைய வேண்டும் என்பதையும், அந்த 600-ஐயும் ஊகிக்காதீர்கள். 2021 முதல் 2023 வரையிலான தரவில் பொருத்தி, 2024-ஐக் கணித்துப் பாருங்கள். கை வித்தியாசத்தை மட்டும் வைத்துச் சொல்லும் எளிய கணிப்பை உங்கள் முறை தோற்கடிக்கவில்லை என்றால், எடை பெறும் பிட்சர்களின் வட்டம் மிகக் குறுகலாக இருக்கிறது என்றே முதலில் சந்தேகப்பட வேண்டும். இன்னும் சற்றுத் தள்ளியிருக்கும் பிட்சர்களுக்கும் எடை கொடுத்து மறுபடி ஓட்டிப் பாருங்கள்.