ஜப்பானிய ஹோஹின் கெண்டிக்குக் கைப்பிடி ஏன் இல்லை?

கைப்பிடியில்லாத தேநீர்க் கெண்டி கையைச் சுடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். சரியான வெந்நீரை ஊற்றினால் சுடாது. ஹோஹின் என்னும் இச்சிறு கெண்டி, நிழலில் வளர்க்கப்படும் கியோகுரோ போன்ற மென்மையான பச்சைத் தேயிலைக்கானது. அதற்கு 50 முதல் 60 டிகிரிச் சூடே போதும். கொதிநீர் ஊற்றினால் கசப்பும் துவர்ப்பும் முந்திக்கொண்டு, உமாமி என்ற ஆழ்ந்த சுவையை அமுக்கிவிடும். கெண்டி கையைச் சுட்டால், தண்ணீர் இன்னும் ஆறவில்லை என்று பொருள்.

கொதிநீர் தேவைப்படும் கறுப்புத் தேநீருக்கு இதை வாங்காதீர்கள்.

ஐச்சி மாகாணத்தின் தொகொனாமே ஊர்க் கைவேலையை அவசியம் பாருங்கள். அங்கே கெண்டியின் உடல், மூக்கு, மூடி ஆகியவற்றைச் சக்கரத்தில் தனித்தனியே வனைந்து, மூக்கை உடலோடு ஒட்டுகிறார்கள். சுட்ட பிறகு மூடியை வாயோடு தேய்த்துப் பொருத்துகிறார்கள். எவ்வளவு பொறுமையான வேலை! ஊற்றும்போது கடைசிச் சொட்டுவரை வடித்துவிடுங்கள். தேங்கிய நீர் அடுத்த வடிப்பைக் கசப்பாக்கிவிடும்.