ரேட் கேட்டுவிட்டுக் காணாமல் போகிறவர்களிடம் ஸ்கூபா டைவிங் பற்றி எப்படிப் பேசுவது?

கேள்வி: புதுச்சேரியில் சின்னதாக ஒரு டைவ் சென்டர் தொடங்கியிருக்கிறோம். வாட்ஸ்அப்பில் தினமும் ரேட் கேட்கிறார்கள். எல்லா விவரமும் உள்ள நீளமான மெசேஜ் ஒன்றை அனுப்புகிறோம், அதோடு பலர் காணாமல் போய்விடுகிறார்கள். வருகிறவர்களிலும் சிலர் ‘நாங்க நினைச்சது வேற’ என்று வருத்தப்படுகிறார்கள். எதை, எப்போது, எப்படிச் சொல்வது?

பதில்: நீங்கள் இணைத்திருந்த அந்த மெசேஜைப் படித்தேன். டிஎஸ்டி, ஓபன் வாட்டர், அட்வான்ஸ்டு, ரெஃப்ரெஷர், ஃபன் டைவ் என்று ஐந்து பெயர், ஐந்து விலை. கேட்கிறவரோ சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ சனி ஞாயிறு வருகிறவர், கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியே இருக்கமாட்டார். இந்த ஐந்தில் தனக்கு எது என்று அவருக்கு எப்படித் தெரியும்? யோசித்துப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிடுகிறார், அவ்வளவுதான்.

அதனால் முதல் பதிலில் விலையோடு ஒரே ஒரு கேள்வி போதும்: “இதற்கு முன்னால் டைவ் செய்திருக்கிறீர்களா?” இல்லை என்றால் அவருக்கு வேண்டியது முதல் அனுபவ டைவ், உங்கள் பட்டியலில் டிஎஸ்டி என்று இருப்பது. அதை மட்டும் விளக்குங்கள், மற்ற நான்கையும் விட்டுவிடுங்கள். இப்படி எழுதலாம்: “இது கோர்ஸ் இல்லை, சர்டிபிகேட் கிடையாது, ஒரு அனுபவம். நீச்சல் தெரியாவிட்டாலும் வரலாம். முதலில் பூலில் மூச்சுவிடப் பழக்குவோம், அப்புறம் படகில் கடலுக்குப் போவோம். அதிகபட்சம் 12 மீட்டர் ஆழம், பயிற்சியாளர் கைக்கெட்டும் தூரத்திலேயே இருப்பார். குறைந்தபட்ச வயது 10.” கோர்ஸ் வேண்டும் என்று கேட்கிறவரிடம் கதை வேறு. சர்டிபிகேட் தரும் ஆரம்பக் கோர்ஸான ஓபன் வாட்டருக்கு 200 மீட்டர் நீந்த வேண்டும், 10 நிமிடம் மிதக்க வேண்டும், முடித்தால் 18 மீட்டர் வரை போகலாம் என்பதை முன்பணம் வாங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

‘நினைச்சது வேற’ என்கிறார்களே, அது பெரும்பாலும் நேரத்திலிருந்துதான் வருகிறது. ‘அரை நாள் ஸ்கூபா’ என்று போட்டால் அரை நாளும் தண்ணீருக்குள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். படிவம் நிரப்புவது, பூல், படகுப் பயணம், தன் முறைக்காகப் படகில் காத்திருப்பது எல்லாம் போக, தண்ணீருக்கு அடியில் உங்களிடம் வழக்கமாக எத்தனை நிமிடம் கிடைக்கிறது என்று தனியாக எழுதுங்கள். விலையில் போட்டோ சேர்த்தியா, வரி சேர்த்தியா, ஹோட்டலிலிருந்து நீங்களே கூட்டிப்போவீர்களா, இதுவும் அதே மெசேஜில் இருக்கட்டும்.

அடுத்தது உங்கள் விளம்பரப் படங்கள். மாலத்தீவு நீலத்தில் ஆமை நீந்துகிற படத்தைப் போட்டுவிட்டு, கலங்கல் நாளில் ஆளைக் கொண்டுபோய் இறக்கினால் அவர் கோபப்படத்தான் செய்வார். நம் பக்கத்துக் கடலில் ஒரு நாள் தெளிவு, அடுத்த நாளே கலங்கல், அது உங்கள் குற்றமில்லை. ஆனால் சொல்லாமல் விடுவது உங்கள் குற்றம். நீங்களே எடுத்த படங்களைப் போடுங்கள், நல்ல நாள் ஒன்று, சுமாரான நாள் ஒன்று, கீழே மாதத்தையும் எழுதுங்கள். பச்சைத் தண்ணீர் படத்தைப் பார்த்துப் பின்வாங்குகிறவர் நேரில் வந்திருந்தாலும் மகிழ்ச்சியாகப் போயிருக்கமாட்டார்.

இனி நான் மிக முக்கியமாக நினைப்பது. உங்கள் மெசேஜில் உடல்நலம் பற்றி ஒரு வரிகூட இல்லை. ‘நூறு சதவீதம் பாதுகாப்பானது’ என்று மட்டும் இருக்கிறது. அதை இன்றே எடுத்துவிடுங்கள். எந்த டைவும் அப்படி இல்லை. மருத்துவப் படிவத்தை ஹார்பரில், லைஃப் ஜாக்கெட் மாட்டும் நேரத்தில் நீட்டுகிற பழக்கம் நம் ஊரில் நிறைய இருக்கிறது. அந்த நேரத்தில் ஒருவர் என்ன செய்வார் என்று அவர் இடத்திலிருந்து பாருங்கள்: பணம் கட்டியாயிற்று, ஐந்து மணிக்கே எழுந்து வந்தாயிற்று, நண்பர்கள் படகில் ஏறிவிட்டார்கள், ‘ஆஸ்துமா உண்டா’ என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று டிக் அடித்தால் தான் மட்டும் கரையில். ‘இல்லை’ என்று அடித்துவிட்டு ஏறிவிடுவார். பொய் சொன்னது அவர்தான், ஆனால் பொய் சொல்லும்படியான இடத்தில் அவரை நிறுத்தியது நாம்.

எனவே விசாரிக்கும்போதே, முன்பணத்துக்கு முன்பே கேளுங்கள். ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், நுரையீரல் பிரச்சினை, காது அறுவை சிகிச்சை, ரத்த அழுத்தம். 45 வயதைத் தாண்டியவர்களுக்குப் படிவத்தில் தனிக் கேள்விகளே இருக்கின்றன. கர்ப்பமாக இருப்பவர்கள் டைவ் செய்யக் கூடாது, மாதவிடாய் நாளில் செய்யலாம். பெண்கள் இதைக் கேட்கத் தயங்குவார்கள், நீங்களே எழுதிவிட்டால் அவர்களுக்கும் நிம்மதி. ‘ஆம்’ என்று சொன்னால் வரவே முடியாது என்று அர்த்தமில்லை, மருத்துவரிடம் படிவத்தில் கையெழுத்து வாங்கி வர வேண்டும், அதற்கு நேரம் வேண்டும், அதற்காகத்தான் முன்கூட்டியே கேட்கிறோம் என்றும் சேர்த்து எழுதுங்கள். இந்த வரி இருந்தால் பலர் உண்மையைச் சொல்வார்கள்.

சளியைப் பற்றியும் காரணத்தோடு சொல்லுங்கள். 10 மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. இறங்கும்போது மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிக் காதைச் சமன்செய்துகொண்டே போக வேண்டும், மூக்கடைத்திருந்தால் அது நடக்காது, செவிப்பறை பாதிக்கப்படலாம். ‘சளி இருந்தால் அனுமதியில்லை’ என்று மட்டும் போட்டால் கெடுபிடியாகத் தெரியும், காரணத்தைச் சொன்னால் தானாகவே வேறு தேதி கேட்பார்கள். புதுச்சேரி என்பதால் இன்னொன்றும் உண்டு: முதல் நாள் இரவு குடித்துவிட்டு வந்தால் டைவ் கிடையாது, பணமும் திரும்பாது. இதைச் சுற்றி வளைக்காமல் நேராகவே எழுதுங்கள்.

நம் ஊர் சென்டர்களில் பலர் சொல்ல மறக்கிற விஷயம், திரும்பிப் போகும் பயணம். டைவ் முடிந்ததும் விமானம் ஏறக் கூடாது, ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரம் இடைவெளி வேண்டும் என்பதைப் பலரும் சொல்கிறார்கள். டைவில் உடலில் கரைந்த நைட்ரஜன், உயரத்தில் காற்றழுத்தம் குறையும்போது குமிழாகலாம் என்பதுதான் காரணம். ஆனால் பெங்களூரும் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த இடைவெளி சுமார் 600 மீட்டருக்கு மேல் காரில் ஏறிப் போகிறவர்களுக்கும் பொருந்தும். ஞாயிறு காலை டைவ், மதியம் பிரியாணி, மாலை காரில் பெங்களூர் என்று திட்டம் போடுகிறவர்கள்தான் உங்கள் வாடிக்கையாளர்களில் கணிசமானவர்கள். அப்படியே ஏற்காடு, கொடைக்கானல் போகிறவர்களும் இருப்பார்கள். “டைவ் முடிந்து எங்கே போகிறீர்கள், எப்போது?” என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள், சனிக்கிழமை காலைக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு தேதியை மாற்றினால் தீர்கிற விஷயம்.

ரத்து பற்றிய விதியும் எல்லோருக்கும் புரிகிற மாதிரி இருக்கட்டும். ‘வானிலையைப் பொறுத்தது’ என்பது எதையும் சொல்லவில்லை. “மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்று வானிலை மையம் சொன்ன நாளில் நாங்களும் போகமாட்டோம். மற்ற நாட்களில் முடிவு பயிற்சியாளருடையது. நாங்கள் ரத்து செய்தால் முழுப் பணம் அல்லது வேறு தேதி, எது வேண்டுமோ நீங்கள் சொல்லுங்கள்.” அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பதிவு செய்கிறவர்களுக்கு இதை இரண்டு தடவை சொன்னாலும் தப்பில்லை.

கண்ணாடி போட்டுக்கொண்டு மாஸ்க் மாட்ட முடியாது, பவர் மாஸ்க் உங்களிடம் இருக்கிறதா என்பது மாதிரியான சின்ன விஷயங்களைப் பதிவுக்குப் பிறகு, முதல் நாள் மாலை அனுப்பும் நினைவூட்டலில் வைத்துக்கொள்ளலாம். விசாரணைக்கான பதில் ஒரு போன் திரைக்குள் அடங்கட்டும். படிவத்தின் பிடிஎஃப்பை அதன் கீழேயே இணைத்துவிடுங்கள். அதைத் தமிழில் வாசித்து விளக்கக்கூடிய ஒருவரின் எண்ணும் கூடவே இருக்கட்டும், பிள்ளையை அனுப்பும் அம்மா அப்பா மெசேஜ் போடமாட்டார்கள், நேராக போன்தான் செய்வார்கள்.